382-ஐ வென்ற 383

டாப்ஸ் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகளில் 225ஆம் எண்ணில் மூன்று முகங்கள் இருக்கும்: சாண்டி கோஃபாக்ஸ், பாப் வீல், பாப் கிப்சன். முந்தைய ஆண்டு நேஷனல் லீகில் அதிகம் பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்த பிட்சர்கள். கோஃபாக்ஸின் கணக்கு 382. அன்றைக்கு அதுதான் நவீனகாலச் சாதனை.

பந்தை எறிபவர் பிட்சர். மட்டையாளருக்கு மூன்று ‘ஸ்ட்ரைக்’ (அடிக்கத் தவறிய பந்து போன்றவை) விழுந்தால் அவுட். ஃபீல்டர்கள் ஓடிப் பிடிக்க வேண்டிய வேலையே இல்லை, கிரிக்கெட்டில் ஸ்டம்பைப் பெயர்ப்பதைப் போல. பெயரெல்லாம் எறிந்தவருக்கே.

இந்த ‘லீடர்’ அட்டைகளின் தனிச்சுவை, அவை எப்போதும் போன வருடக் கணக்கைச் சொல்வதுதான். கோஃபாக்ஸ் விஷயத்தில் அது ஒரு விசித்திரத்தை உண்டாக்கியது. 1966-இல் 317 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்து மீண்டும் முதலிடம் பிடித்தவர், இடது முழங்கை மூட்டுவாதத்தால் அந்த நவம்பரிலேயே 30 வயதில் ஓய்வு பெற்றுவிட்டார். 1967 டாப்ஸ் வரிசையில் அவருக்குத் தனி அட்டை கிடையாது. ஆனால் லீடர் அட்டைகளில் இருக்கிறார். ஆட்டத்தை விட்டுப் போனவர், அடுத்த சீசனில் பபிள்கம்மோடு அட்டை வரும் பொட்டலத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்!

அவருடைய 382 எட்டு ஆண்டுகள் நின்றது. 1973 செப்டம்பர் 27 அன்று, சீசனில் தன் கடைசி ஆட்டத்தில், கலிபோர்னியா ஏஞ்சல்ஸ் அணியின் நோலன் ரயன் 11ஆவது இன்னிங்ஸ் வரை எறிந்து 383ஐத் தொட்டார். ஒன்றே ஒன்று கூடுதல். 1974-இன் 207ஆம் எண் அட்டையில், நேஷனல் லீகில் முதலிடம் பிடித்த டாம் சீவருடன் அவர் நிற்பது அதற்காகத்தான். 1973-இல்தான் ரயன் ஆடிய அமெரிக்கன் லீகில் பிட்சருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கும் விதி வந்தது. கோஃபாக்ஸுக்கோ எதிரணிப் பிட்சர்களும் இரையானார்கள். எது பெரிய சாதனை என்று ரசிகர்கள் வாதாட இது நல்ல தீனி.

ரயன் அட்டைகளில் விலையில் உச்சம் 1968-இன் 177ஆம் எண் அட்டைக்கு. சாக்குத் துணி நெசவை அச்சிட்ட விளிம்புக்குள் மெட்ஸ் அணியின் இரண்டு புதுமுகங்கள்: ஜெர்ரி கூஸ்மன், நோலன் ரயன். பின்னாளில் 27 சீசன்களில் 5,714 ஸ்ட்ரைக் அவுட் எடுக்கப்போகிறவருக்கு அன்று அரை அட்டைதான். குறையே இல்லாத பிரதி ஒன்று 2016-இல் 6 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கையில் அவ்வளவு பணமில்லாதவர்களுக்கு லீடர் அட்டைகளே புத்திசாலித்தனமான தேர்வு. இரண்டு மூன்று ஜாம்பவான்கள் ஒரே அட்டையில், தனி அட்டையைவிடப் பெரும்பாலும் மலிவாக.

அட்டையின் தரத்தை மதிப்பிடுபவர்கள் பார்ப்பது நான்கு: மூலைகளின் கூர்மை, ஓரங்கள், மேற்பரப்பு, நான்கு பக்க விளிம்பும் சம அகலமா என்பது. 1971-இல் டாப்ஸ் கறுப்பு விளிம்பு வைத்தது சேகரிப்பாளர்களுக்குப் பெருந்தொல்லை. லேசாக உரசினாலும் அடியிலுள்ள வெள்ளை பளிச்சென்று தெரிந்துவிடும். பூதக்கண்ணாடியில் பார்த்தால், அசலில் படம் வண்ணப் புள்ளிகளாகவும் கறுப்பு எழுத்துகள் முழு மையாகவும் இருக்கும். ஸ்கேன் செய்த போலியில் பெரும்பாலும் எழுத்தும் புள்ளியாகச் சிதறும். கூடவே ஒரு அளவுகோலும் வேண்டும். 1957 முதல் டாப்ஸ் அட்டையின் அளவு 2½ அங்குலத்துக்கு 3½ அங்குலம். மூலை கத்திபோல் கூராக இருந்து அளவு குறைந்தால், யாரோ ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.