நுரையைப் படம் பிடித்தால் மட்டும் போதாது

பாலாற்றில் மழைத் தண்ணீர் வந்தால் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வெள்ளை நுரையும் சேர்ந்து வருகிறது. மழையை மறைப்பாக வைத்துக்கொண்டு தோல் ஆலைக் கழிவை இரவோடு இரவாகத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஊரறிந்த புகார். நாமும் உடனே செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். மறுநாள் ஆறே கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் கழித்து மனு எழுத வருகிறவர்கள் கையில் அந்த வீடியோவும் ஒரு பாட்டில் தண்ணீரும்தான் இருக்கின்றன.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் படித்தவர் அந்தப் பாட்டிலை நம்ப மாட்டார். ஆலையின் கழிவுநீர் மாதிரியை மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர்தான் எடுக்க வேண்டும். ஆலைக்காரருக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுத்து, அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த முறை தவறினால் ஆய்வு முடிவு வழக்கில் சாட்சியமாகாது. எனவே நுரையைக் கண்ட அன்றைக்கே அலுவலரை வரவழையுங்கள். அடுத்த திங்கட்கிழமை வரை காத்திருந்தால் மாதிரி எடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

‘சுத்திகரிப்பு நிலையம்தான் இருக்கிறதே’ என்பது அலுவலகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். நிலையம் இருப்பது வேறு, முழுதாக ஓடுவது வேறு. கழிவில் உள்ள கொழுப்பு, புரதத்தை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். குரோமியத்தைக் காரம் சேர்த்துக் கசடாகப் படிய வைக்கலாம். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பை நுண்ணுயிரும் தின்னாது, அது தானாகப் படியவும் செய்யாது. ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, மிஞ்சிய உப்புநீரை ஆவியாக்கினால்தான் உப்பு பிரியும். கரண்ட் பில் எகிறுவது அங்கேதான். திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆசை பிறப்பதும் அங்கேதான். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி.

இந்தக் கழிவு நிலத்தில் இறங்கிக் கிணற்றுக்கும் வரும் என்று சொன்ன பிறகும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். கொதித்தால் உப்பு இன்னும் அடர்த்தியாகும், குரோமியமும் போகாது. இரண்டு லிட்டர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் கேனில் பிடித்து, தேதி, நேரம், சர்வே எண் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். குரோமியமும் பார்க்க வேண்டுமென்றால் தண்ணீர் பிடிப்பதற்கு முன்பே ஆய்வகத்தில் கேட்டுவிடுங்கள். உலோகப் பரிசோதனைக்கு மாதிரியைப் பக்குவப்படுத்தும் முறை வேறு. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் இருக்கலாம்.

மனுவை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, ஆட்சியருக்கும் ஒரு நகல் கொடுங்கள். ‘எல்லா ஆலையும் விடுகிறது’ என்று எழுதினால் ஒரு பயனும் இல்லை. எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பாலத்துக்கு மேலே, எந்தக் கால்வாய் வழியே, என்ன நிறம், என்ன நாற்றம் என்று எழுதுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். ‘பார்க்கிறோம், போங்க’ என்பார்கள். முத்திரை இல்லாமல் வெளியே வராதீர்கள்.

பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். மாதிரி எடுத்தீர்களா, முடிவு என்ன, அந்த ஆலைக்கு எவ்வளவு கழிவுநீருக்கு இசைவாணை தந்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இசைவாணைப் பதிவேட்டைப் பாதிக்கப்பட்டவர் நேரிலேயே பார்க்க 25ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. இதைக் கேட்பவர் மிகக் குறைவு. காட்டுகிறவர் அதைவிடக் குறைவு.

வேலூர்ப் பகுதித் தோல் ஆலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்றது. அதன்படி அமைந்த ஆணையம் 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு தீர்மானித்தது. அதில் கொடுபடாததை ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்று 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்தது. அரசின் வேகத்தை இதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த படி, சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. கழிவை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குப் பிரச்சினை முதன்முதல் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம். இழப்பீடு கேட்க ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு. கட்டணம் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1,000 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. கெடு முடிந்த பிறகு வருகிறவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: வாரியம் பதில் தரும் என்று காத்திருந்தோம் என்பது. அந்தக் காத்திருப்புக்காக ஆறு மாதம் நிற்காது. மனு கொடுத்த அன்றே நாட்காட்டியில் கெடுவைக் குறித்து வையுங்கள். முத்திரை போட்ட நகல், ஆய்வக அறிக்கை, தகவல் உரிமைப் பதில், பட்டா ஆகியவற்றைத் தீர்ப்பாய மனுவோடு இணையுங்கள்.