மிச்ச நேரத்தில் பிறந்த முதல் ஆல்பம்... இந்தியாவில் படித்த பையனின் ‘குயின்’ கதை!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஆடி மாசம் பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் இன்னிசைக் கச்சேரிதான். மேடையில் கீ-போர்டு வாசிக்கும் தம்பி பகலில் காலேஜ் மாணவராக இருப்பார். பேட் வாசிக்கும் அண்ணன் சிமென்ட் ஆலையில் ஷிஃப்ட் முடித்து வந்திருப்பார். சினிமா பாட்டை அச்சு அசலாக வாசிக்கிற இவர்களில் பலருக்கும் மனசுக்குள் ஓர் ஆசை உண்டு. ‘நமக்குன்னு சொந்தமா ஒரு பாட்டு போடணும்!’

அதை வீட்டில் சொன்னால் உடனே வரும் கேள்வியும் நமக்குத் தெரியும். “பாட்டு சோறு போடுமா? முதல்ல படிப்ப முடி!”

இதே கேள்வி 50 வருஷங்களுக்கு முன்பு லண்டனிலும் கேட்டது. அப்படிக் கேள்வி கேட்கப்பட்ட பையன்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் உலகப் புகழ்பெற்ற ‘குயின்’ ராக் இசைக்குழு. அவர்களின் முதல் ஆல்பம் வெளியான நாள், 1973 ஜூலை 13. இன்றைக்கு வரலாறாகப் பேசப்படும் அந்த ஆல்பம், வெளிவந்தபோது யார் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

பஞ்ச்கனி ஹாஸ்டலில் ஒரு பியானோ

குயின் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரியின் இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பார்சி குடும்பம். அப்பா, ஆப்பிரிக்காவின் சான்சிபார் தீவில் அரசு வேலை பார்த்தார். அங்கேதான் 1946 செப்டம்பர் 5-ல் ஃப்ரெடி பிறந்தார்.

எட்டு வயதில் மகனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள் பெற்றோர். மகாராஷ்டிரா மலை ஊரான பஞ்ச்கனியில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் ஹாஸ்டல் வாசம். அங்கேதான் பியானோ கற்றுக்கொண்டார். பள்ளி நண்பர்களோடு சேர்ந்து ‘தி ஹெக்டிக்ஸ்’ என்று ஒரு குழு ஆரம்பித்தபோது அவருக்கு 12 வயதுதான். அந்தக் குழுவில் அவர் பியானோதான் வாசித்தார்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு லண்டன் அருகே ஃபெல்தம் என்ற இடத்தில் குடியேறியது. ஃப்ரெடி ஓவியக் கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படித்தார். கைச்செலவுக்கு, கென்சிங்டன் மார்க்கெட்டில் பழைய துணி விற்றார். அந்தக் கடையில் கூட நின்றவர், பின்னாளில் குயினில் டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர்.

அடுப்படி மரத்தில் கிடார்

குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே. அவருடைய கதை இன்னும் நம்ம ஊர்க் கதை மாதிரியே இருக்கும். நல்ல கிடார் வாங்க வீட்டில் காசு இல்லை. அதனால் 1963-ல், 16 வயதில், அப்பா ஹெரால்டோடு உட்கார்ந்து தானே கிடார் செய்யத் தொடங்கினார். கையில் கிடைத்த பொருள்கள்தான் எல்லாமே.

கிடாரின் கழுத்துக்கு, குளிர்காயும் அடுப்பின் மேலிருந்த பழைய மகாகனி மரம். அதிலிருந்த புழு ஓட்டைகளை அடைக்கத் தீக்குச்சிகள். ஸ்பிரிங்குக்குப் பழைய மோட்டார் பைக்கின் வால்வு ஸ்பிரிங். கைப்பிடி நுனிக்கு, ஸ்வெட்டர் பின்னும் ஊசி. விரல் வைக்கும் இடத்துப் புள்ளிகளுக்கு அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து பட்டன். செய்து முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆனது. ‘ரெட் ஸ்பெஷல்’ என்ற அந்தக் கிடாரைத்தான் முதல் ஆல்பம் தொடங்கி இன்றுவரை அவர் வாசிக்கிறார்.

1970-ல் பிரையனும் ரோஜரும் வாசித்துக்கொண்டிருந்த ‘ஸ்மைல்’ குழுவிலிருந்து பாடகர் விலக, ஃப்ரெடி உள்ளே வந்தார். குழுவுக்கு ‘குயின்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான். தன் பெயரையும் ‘மெர்க்குரி’ என்று மாற்றிக்கொண்டார். 1971-ல் பேஸ் கிடார் வாசிக்க ஜான் டீக்கன் சேர்ந்ததும் நால்வர் அணி தயார்.

நால்வருமே படித்தவர்கள். பிரையன் வானியற்பியலில் ஆராய்ச்சி மாணவர். ரோஜர் பல் மருத்துவம் படிக்க லண்டன் வந்து, பிறகு உயிரியலுக்கு மாறியவர். ஜான் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்.

இலவச ரெக்கார்டிங்... அப்புறம் ராத்திரி டியூட்டி

பாட்டு இருக்கிறது, பதிவு செய்யப் பணம் இல்லை. அப்போதுதான் அதிர்ஷ்டம் அடித்தது. வெம்ப்ளியில் ‘டி லேன் லீ’ என்ற ஸ்டூடியோவைப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். கருவிகள் சரியாக வேலை செய்கின்றனவா என்று சோதிக்க, சத்தமாக வாசிக்கும் ஒரு குழு தேவைப்பட்டது. ‘நாங்க வாசிக்கிறோம், பதிலுக்கு எங்க பாட்டை இலவசமா பதிவு பண்ணிக் கொடுங்க’ என்று ஒப்பந்தம் போட்டது குயின். ஐந்து பாடல்கள் கிடைத்தன. அந்த டேப்பைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக அலைந்தார்கள். பலரும் கையை விரித்துவிட்டார்கள்.

1972-ல் ‘டிரைடன்ட்’ என்ற ஸ்டூடியோ நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. பீட்டில்ஸ் குழு தங்களின் ‘ஹே ஜூட்’ பாடலைப் பதிவு செய்த இடம் அது. ஆனால், புதுப் பையன்களுக்கு யார் பகலில் இடம் தருவார்கள்? காசு கொடுத்து வரும் பெரிய கலைஞர்கள் வேலை முடித்துப் போன பிறகு, மிச்சமிருக்கும் நேரம்தான் குயினுக்கு. பல நாள்கள் நள்ளிரவு தாண்டி, விடியற்காலை வரை வேலை நடந்தது. இப்படியே மாதக்கணக்கில் துண்டு துண்டாகப் பதிவு செய்தார்கள்.

ஆனாலும் தரத்தில் சமரசம் இல்லை. ‘தி நைட் கம்ஸ் டவுன்’ பாடலை மறுபடி பதிவு செய்து பார்த்தார்கள். மனசுக்கு ஒப்பவில்லை. வெம்ப்ளியில் இலவசமாகப் பதிவு செய்ததே மேல் என்று அதையே ஆல்பத்தில் வைத்துவிட்டார்கள். ஒரே கிடாரைத் திரும்பத் திரும்ப வாசித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, ஒரு பெரிய வாத்தியக் கூட்டமே வாசிப்பது போன்ற ஒலியைக் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் மெஷின் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே! ‘இதில் யாரும் சின்தசைஸர் வாசிக்கவில்லை’ என்று ஆல்பம் உறையிலேயே அச்சடித்தார்கள்.

வெளியானது... விற்கவில்லை!

1972 கடைசியில் ஆல்பம் தயார். ஆனால், வெளியிட ஒரு கம்பெனி அமைவதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. ஒருவழியாக இ.எம்.ஐ. நிறுவனம் மூலம் 10 பாடல்களோடு 1973 ஜூலையில் வெளிவந்தது. அப்போது நால்வரின் வயது 21 முதல் 26-க்குள்.

ஒரு வாரம் முன்னதாக வந்த ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ என்ற முதல் சிங்கிள் பாடல், பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் இடமே பிடிக்கவில்லை. ஆல்பத்துக்கும் உடனடியாகப் பெரிய வரவேற்பு இல்லை. சில விமர்சகர்கள் கடுமையாகவே கிழித்தார்கள்.

இங்கேதான் பலரும் மூட்டை கட்டிவிடுவார்கள். குயின் என்ன செய்தது? அந்த வருஷக் கடைசியில் ‘மாட் த ஹூப்பிள்’ என்ற குழுவின் கச்சேரிகளுக்கு முன்னோட்டமாக வாசிக்கக் கிளம்பியது. அதாவது, கூட்டம் வேறு யாருக்கோ வந்திருக்கும். அவர்கள் மேடை ஏறும் முன் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் வாசித்துவிட்டு இறங்க வேண்டும். அப்படி ஊர் ஊராகப் போய் ரசிகர்களைச் சேர்த்தார்கள்.

முதல் ஆல்பத்தின் கடைசியில் ‘செவன் சீஸ் ஆஃப் ரை’ என்று பாட்டே இல்லாத ஒரு சின்ன இசைத் துணுக்கு இருக்கும். அதை முழுப் பாடலாக வளர்த்து 1974-ல் இரண்டாவது ஆல்பத்தில் வைத்தார்கள். பிரிட்டனில் 10-ம் இடத்துக்கு வந்தது. அதுதான் அவர்களின் முதல் ஹிட்! ‘யாருப்பா இவங்க?’ என்று ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்த முதல் ஆல்பமும் அதன் பிறகே பட்டியலில் ஏறி, 24-ம் இடம் வரை வந்தது. உலகையே ஆட்டிய ‘போஹிமியன் ராப்ஸடி’ வந்தது அதற்கும் அடுத்த வருஷம், 1975-ல்.

அப்பாவின் கோபம்

இசைக்காக பிரையன் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டபோது, அப்பா ஹெரால்டால் தாங்க முடியவில்லை. கூட உட்கார்ந்து கிடார் செய்து கொடுத்த அதே அப்பா! அவரை நாம் குறை சொல்ல முடியாது. கடன் வாங்கிப் படிக்கவைக்கும் நம்ம வீட்டு அப்பாக்களுக்கு அந்தப் பயம் நன்றாகவே புரியும். பின்னாளில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த கச்சேரிக்குப் பெற்றோரை அழைத்துப் போனார் பிரையன். அந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகே அப்பாவின் மனசு மாறியது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படிப்பும் வீணாகவில்லை. விட்ட ஆராய்ச்சியை மறுபடி கையில் எடுத்து, 2007-ல், 60 வயதில் முனைவர் பட்டம் வாங்கினார் பிரையன். ஜான் டீக்கன், குப்பைத் தொட்டியில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டைக் கொண்டு சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்தார். குயினின் பிற்கால ஆல்பங்களில் கிடார் ஒலிக்கு அதுவும் கைகொடுத்தது. ஆல்பங்களில் இடம்பெற்ற குயின் சின்னத்தை வரைந்தவர், டிசைன் படித்த ஃப்ரெடி. படிப்பா, பாட்டா என்ற சண்டையில் இரண்டுமே ஜெயித்த கதை இது!

51 வருஷம் கழித்து...

ஃப்ரெடி 1991 நவம்பர் 24-ல் மறைந்தார். ஆனால், முதல் ஆல்பத்தின் டிரம்ஸ் ஒலி தாங்கள் நினைத்த மாதிரி அமையவில்லை என்ற குறை மட்டும் மற்றவர்களுக்குப் போகவே இல்லை. 2024 அக்டோபரில் பழைய டேப்புகளை எடுத்து, ஒலியை மறுபடி சீராக்கி, அன்று விடுபட்ட ஒரு பாடலையும் சேர்த்து, ‘குயின் I’ என்று வெளியிட்டார்கள். 51 வருஷத்துக்குப் பிறகும் முதல் வேலையைச் சரிசெய்யத் தோன்றியிருக்கிறது!

கேட்க விரும்புகிறவர்கள் ‘கீப் யுவர்செல்ஃப் அலைவ்’ பாட்டில் தொடங்கலாம். அடுத்து ‘மை ஃபேரி கிங்’. பஞ்ச்கனியில் பழகிய விரல்கள் பியானோவில் எப்படி ஓடுகின்றன என்பது அதில் தெரியும். இயர்போன் போட்டுக் கேளுங்கள், அடுக்கடுக்கான கிடார் ஒலி அப்போதுதான் முழுசாகக் காதில் விழும்.

திருச்சிக்கு பஸ் ஏறிப்போய்ப் பாட்டைப் பதிவு செய்து, யூடியூபில் போட்டுவிட்டு, ‘நூறு வியூஸ்கூட தாண்டலையே’ என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா தம்பி, தங்கைகளே? குயினின் முதல் பாட்டுக்கும் அதே கதிதான். வியூஸ் வரும்போது வரட்டும். நீங்கள் அடுத்த பாட்டை ஆரம்பியுங்கள்!