எலியின் மூச்சும் நம் மூச்சும்

 

நோய் தீர்க்க வந்த மருந்தே சில வேளை நுரையீரலைக் கெடுத்துவிடும். தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குப் படகேறிப் போய்வரும் நம் தீவகக் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

பிளியோமைசின் அத்தகைய மருந்து. ஜப்பானிய அறிஞர் ஹமாவோ உமேசவா 1960களில் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டெடுத்தது. மற்ற மருந்துகளோடு சேர்ந்து விதைப் புற்றுநோயையும் சில நிணநீர்ப் புற்றுநோய்களையும் இது குணமாக்குகிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இதைச் சிதைக்கும் நொதி நுரையீரலில் மிகக் குறைவு. ஆகவே சிலருக்கு அங்கே தழும்பு விழுந்து மூச்சு முட்டுகிறது.

தழும்பு எப்படி வளர்கிறது என்றறிய எலிகளுக்கு இதே மருந்தைக் கொடுத்தார்கள். இந்த வாரம் சிலவற்றை, அடுத்த வாரம் சிலவற்றை என்று கொன்று அறுத்துப் பார்ப்பதே பழைய முறை. எம்.ஆர்.ஐ. எடுக்கலாமே என்பீர்கள். அந்தக் கருவி உடலிலுள்ள நீரைக் கொண்டே படம் வரைகிறது. நுரையீரலோ பெரும்பாலும் காற்று. படத்தில் கறுப்பாகவே தெரியும்.

அதற்கு வழி செனான் வாயு. நாம் இழுக்கும் காற்றில் மிக மிகச் சொற்பமாக இருப்பதுதான். லேசர் ஒளியின் உதவியால் அதன் அணுக்கருக்களை ஒரு திசைக்குத் திருப்பிச் சுவாசிக்கக் கொடுத்தால் காற்றறைகளே படத்தில் ஒளிர்கின்றன. 1994இல் சுண்டெலியின் நுரையீரலை இவ்வாறு படமெடுத்தார்கள். 2006இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார், ஒரு பக்க நுரையீரலில் மட்டும் பிளியோமைசின் செலுத்திய எலிகளை ஆராய்ந்தனர். செனான் காற்றறையில் ஒரு குரல், சவ்வில் ஒரு குரல், இரத்தச் சிவப்பணுவில் ஒரு குரல் காட்டும். கெட்ட பக்கத்தில் சவ்வு வரை வந்த வாயு, தடித்த சவ்வைத் தாண்டி இரத்தத்தை உரிய நேரத்தில் எட்டவில்லை. சுப்ஹானல்லாஹ்! ஒவ்வொரு மூச்சிலும் எத்தனை மெல்லிய திரையைக் கடந்து நமக்கு உயிர் வருகிறது!

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு நேர்ந்ததை ஹதீஸில் படித்தவர்கள் நாம். மனித உயிர் காக்கும் தேவைக்கு விலங்கைப் பயன்படுத்த உலமாக்கள் இடம் தருகிறார்கள். தேவைக்கு மிஞ்சிய வதைக்கு இடமில்லை. ஒரே எலியை உயிரோடு வைத்து வாரந்தோறும் பார்க்க முடிந்தால், பலவற்றைக் கொல்வதற்கு என்ன நியாயம்? இம்முறையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுவே.

மனிதருக்கு, நுரையீரலின் காற்றோட்டத்தைப் பார்க்க, அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நம் ஊர் வைத்தியர்களுக்கு எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் மூச்சூதும் பரிசோதனையுமே கைகொடுக்கின்றன. அவற்றுக்கும் முந்திய சாட்சி வீட்டுப் பெண்தான். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ்; கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. எனவே வறட்டு இருமலைக் கடற்காற்றின் மேல் போட்டுவிடுவது எளிது. இம்மருந்து பெற்றவர் படியேற இளைத்தால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராதீர்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரப்படுத்துங்கள். வருடங்கள் கழித்து வேறு சத்திரசிகிச்சை வந்தாலும் மயக்க மருந்து வைத்தியரிடம் பிளியோமைசின் பெற்றதைச் சொல்லுங்கள். மிதமிஞ்சிய ஒட்சிசன் அந்த நுரையீரலுக்குத் தீங்கு செய்யக்கூடும்.