மணல் போன வழி, நிலக்கரி வந்த வழி

திருவள்ளூர் மாவட்டத்துக் கடலோரக் குப்பங்களில் கரை அரித்துப் போனாலும், பழவேற்காடு ஏரியில் எறால் படாமல் போனாலும், இன்று உடனே சொல்லப்படும் காரணம் காலநிலை மாற்றம். அது பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு வசதி இருக்கிறது. உலகம் முழுவதும் குற்றவாளி என்றாகிவிட்டால் உள்ளூரில் யாருக்கும் நோட்டீஸ் அனுப்ப வேண்டியதில்லை. இதற்கு எதிர்வாதமாக, எல்லாம் துறைமுகத்தால் வந்த வினை, கடல் சூடாவதெல்லாம் படித்தவர்கள் பேச்சு என்பாரும் உண்டு. இந்த இரண்டு தரப்பும் தனித்தனியாகப் பிரித்துவைக்கும் காரணங்கள் பழவேற்காட்டைப் பொறுத்தவரை ஒரே இடத்தில் பிறந்தவை. கரைக்கு மணல் வராமல் மறிக்கத் தொடங்கியதும், கடலைச் சூடாக்கும் புகைக்கு வழிவிட்டதும் நிலக்கரிக்காகச் செய்த ஏற்பாடுகளே.

ஏரி எப்படிப் பிழைக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்முனை தமிழ்நாட்டில். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் முகத்துவாரத்து மணல் திட்டை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். அந்த வாய் திறந்திருக்கும் மாதங்களில்தான் கடலில் பொரித்த எறால் குஞ்சுகள் ஏரிக்குள் வந்து வளர்ந்து திரும்பும். மடவையும் நண்டும் இந்த நீர்ப்போக்குவரத்தையே நம்பியவை. வெள்ளம் வடிந்த பிறகு அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். இந்தக் கரையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூடத் தேறாது என்பதால், அந்த மணலை வாரிவிட ஓதத்துக்கு வலுவில்லை. பிறகு கோடை வெயிலில் ஏரி சுண்டும், உப்பேறும். எறால் படும் இடங்களைக் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை, இந்தப் பருவ ஒழுங்கை நம்பி உருவானது. பறிக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீருக்குள் இரு கைகளாலும் சேற்றைத் தடவி எறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. ஆழம் குறைந்த நீர் மட்டும்தான் அவர்களுடைய முதல். அது வற்றினாலோ உப்புக் கரித்தாலோ அவர்கள் வேறு துறைக்குப் போக முடியாது.

இந்த ஒழுங்கைத்தான் வெப்பம் குலைக்கிறது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருப்பதாக மத்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் மட்டம் 1993–2017 காலத்தில் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அதற்கு முந்தைய நூற்றாண்டின் வேகத்தைப்போல இது ஏறத்தாழ இரண்டு மடங்கு. சூடான கடலுக்கு மேலே காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். அது மழையாகக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். 2015 வெள்ளத்தையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் சென்னையின் கதைகளாகவே நினைவில் வைத்திருக்கிறோம். பழவேற்காடும் அதே வானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. பத்து நாள் பெய்ய வேண்டியது இரண்டு நாளில் பெய்தால் முகத்துவாரம் உடையும், ஆனால் ஆறு விரைவில் ஓய்ந்து வாய் விரைவில் மூடும். ஒரு மீட்டர் நீருக்கு ஒரு நீண்ட கோடை என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கரை அரிப்பை மட்டும் இந்தக் கணக்கில் எழுத முடியாது. ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் என்றால் இருபத்தைந்து ஆண்டுகளில் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். நூறு அடிக்கு ஓரடி ஏறும் கரையில் அது கடலை எட்டு மீட்டர் உள்ளே கொண்டுவரும். அதுவும் கரை நெடுக ஒரே சீராகக் கொண்டுவர வேண்டும். நடந்தது அப்படி இல்லை. எண்ணூர் துறைமுகத்துக்குத் தெற்கே மணல் சேர்ந்திருக்கிறது. காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே காளாஞ்சி, கருங்காலி, கோரைக்குப்பம் பக்கம் கரை குறைந்துகொண்டே போகிறது. உயரும் கடல், துறைமுகச் சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று ஆள் பார்த்து ஏறாது. இந்தக் கடலில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், எதிர்த்திசையில் ஓடுவது வன்னி. ஆண்டு முழுக்கக் கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே நகர்வதே அதிகம். குறுக்கே அலைதடுப்புச் சுவர் கட்டினால் தெற்கே கரை வளரும், வடக்கே கரையும். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் கரையை இழந்ததும் நூறாண்டுக்கு மேற்பட்ட பாடம். தெரிந்தே இன்னும் வடக்கே எண்ணூர், காட்டுப்பள்ளி என்று இரண்டு துறைமுகங்கள் வந்தன.

அவற்றில் முதலாவது, 2001-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் துறைமுகம். இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். அது முதன்மையாக அனல்மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே திட்டமிடப்பட்டது. வல்லூர் அனல்மின் நிலையத்தின் திறன் மட்டும் 1,500 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதால், முழுத் திறனில் ஓடினால் அந்த ஒரு நிலையமே மணிக்கு 1,500 டன் அளவில் வெளியேற்றும். சாம்பல் கழிவு கொசஸ்தலை ஆற்றுக்குப் போனது தனிக்கதை. இத்தனைக்கும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் கரையோர மாற்றம் ஓர் அத்தியாயம், காற்று மாசு வேறோர் அத்தியாயம். இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

மறுப்புகள் உண்டு, வலுவானவையும் உண்டு. முகத்துவாரம் எந்தக் காலத்திலும் மூடித் திறந்ததுதானே என்பது ஒன்று. உண்மைதான். ஆனால் மூடித் திறக்கும் வாய் என்பதால்தான் ஆற்று வெள்ளம், மணல் வரத்து இரண்டிலும் சிறு மாற்றம்கூட அதைப் பெரிதாகப் பாதிக்கிறது. வலைகளும் இயந்திரப் படகுகளும் பெருகியதால் மீன் குறைந்தது என்பது இன்னொன்று. அதிலும் உண்மை உண்டு, குப்பங்களும் ஒப்புக்கொள்ள வேண்டியது. ஆனால் அதிக வலை மீனைக் குறைக்குமே தவிரக் கரையைக் குறைக்காது. மூன்றாவதுதான் கடினமானது: உலகப் புகையில் எண்ணூரின் பங்கு கடுகளவு, மின்சாரம் மீனவர் வீட்டுக்கும் வேண்டும். வேண்டும்தான். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் இந்தியரின் பங்கு அமெரிக்கருடையதில் ஒரு சிறு பகுதியே. அதனால் பழைய நிலையங்களை நாளைக்கே மூடச் சொல்வது நியாயமாகாது. ஆனால் பங்கு சிறியது என்ற வாதம் புகைக்குத்தான் பொருந்தும், மணலுக்குப் பொருந்தாது. மணலை மறித்ததில் எண்ணூர், காட்டுப்பள்ளிச் சுவர்களுக்கு உலகில் வேறு பங்காளி கிடையாது.

ஆகவே இழப்பீட்டுக் கணக்கை அங்கிருந்து தொடங்கலாம். முகத்துவாரத்தின் இருபுறமும் சுவர் எழுப்பி நிரந்தரமாகத் திறந்துவைக்கத் தமிழக அரசு சுமார் 27 கோடி ரூபாயில் திட்டம் போட்டது. படகு போக அது உதவும். ஆனால் வடக்கே போகும் மணலை அந்தச் சுவர்களும் ஓரளவு மறிக்கும். செலவோ பொதுப்பணம். விசாகப்பட்டினத்தில் துறைமுகம் தூர்வாரும் மணலை நகரின் கடற்கரையில் கொட்டிவருகிறார்கள். அதே வேலையை எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்களின் செலவில், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய கடமையாக்கலாம். அதைச் செய்வதற்கு முன்பே, காட்டுப்பள்ளியை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,100 ஏக்கருக்கு விரிக்கும் அதானி குழுமத்தின் திட்டம் வந்தது. அதற்கான மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் தள்ளிப்போனது. அடுத்த கூட்டம் கூடும் நாளில் குப்பத்து மக்கள் கேட்க வேண்டியது, வேலைவாய்ப்பு எத்தனை என்பது அல்ல. சுவருக்குத் தெற்கே இதுவரை தேங்கிய மணலின் அளவு எவ்வளவு, அதை வடக்கே கொண்டுவந்து போடும் செலவு யாருடைய கணக்கில் என்பதே.