தறிக்குழிக்கு வந்த வால்ட்ஸ்

அருப்புக்கோட்டையில் எண்பதை ஒட்டிய நெசவாளர் யாரிடமாவது பழைய பாட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் "சிலோன்ல போடுவான் பாருங்க..." என்றுதான் ஆரம்பிப்பார்கள். படம் பேர் மறந்திருக்கும், பாடியவர் பேர் மறந்திருக்கும், சிலோன் மட்டும் மறக்காது. அப்படி நான் அடிக்கடி கேட்ட பாட்டுகளில் ஒன்று 'சின்னப் பெண்ணான போதிலே'. இந்தக் குறிப்பு அந்தப் பாட்டைப் பற்றியும், அது கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்த பாதையைப் பற்றியும்.

படம் 'ஆரவல்லி', 1957. இசை ஜி. ராமநாதன். பாடியவர்கள் ஜிக்கியும் ஏ.எம். ராஜாவும். ஆரவல்லி சூரவல்லி கதை நம் பக்கத்தில் பெரிய எழுத்துப் புத்தகமாகத் திருவிழாக் கடைகளில் விற்ற கதை. ராணிகள், கோட்டை, பந்தயம் என்று போகும். அதற்குள் போய் உட்கார்ந்திருக்கும் இந்த மெட்டோ ஹாலிவுட்டில் பிறந்தது. 1956-ல் வந்த ஹிட்ச்காக் படம் ஒன்றில் டோரிஸ் டே பாடிய 'கே செரா செரா'. ஜே லிவிங்ஸ்டனும் ரே எவான்ஸும் எழுதி, ஆஸ்கர் வாங்கிய பாட்டு. ஒரே வருஷத்தில் தமிழுக்கு வந்துவிட்டது. சின்னப் பெண் அம்மாவிடம் போய்க் கேள்வி கேட்கிற அந்த அமைப்பைக்கூட மாற்றவில்லை.

'கே செரா செரா' ஒரு வால்ட்ஸ். வால்ட்ஸ் என்றால் மூன்று எண்ணிக்கை. முதல் தட்டு கனமாகக் கீழே விழும், அடுத்த இரண்டும் லேசாக மேலே எழும். நடன அரங்குகளில் வாசிக்கும் மெதுவான ஆங்கில வால்ட்ஸில் நிமிடத்துக்குச் சுமார் 30 சுற்று, அதாவது 90 தட்டு. வியன்னா வகை அதைப் போல இரண்டு மடங்கு வேகம். இங்கிலாந்தில் விக்டர் சில்வெஸ்டர் என்பவர் இந்த வேகம் பிசகாமல் வாசிப்பதையே தொழிலாக வைத்திருந்தார். அவருடைய குழு பி.பி.சி. வழியாக வருஷக்கணக்கில் ஒலித்தது. அங்கே உள்ள முதியவர்கள் அந்த இசைக்காக ஏங்கினால் காரணம் புரிகிறது. அவர்கள் அதற்கு ஆடியவர்கள், ஜோடி தேடியவர்கள். இங்கே யாரும் ஆடவில்லையே! ஆணும் பெண்ணும் கைகோத்துச் சுற்றியிருந்தால் ஊரே கூடி நின்று பஞ்சாயத்து வைத்திருக்கும். ஆனாலும் ஏக்கம் இருக்கிறது. அது எப்படி?

முதலில் அரசியல். 1952-ல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். சினிமாப் பாட்டு மட்டமானது, மேல்நாட்டுச் சரக்கு கலந்தது என்பது அவர் கருத்து. படத் தயாரிப்பாளர்களுடன் தகராறும் சேர்ந்துகொள்ள, அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய நின்றே போனது. கேட்பவர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950-லேயே தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நடத்திய ஒலிபரப்பின் சக்தி வாய்ந்த கருவிகள் அதன் கைக்கு வந்திருந்தன. மயில்வாகனனின் குரல் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான். டெல்லி சுதாரித்துக்கொண்டு விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபர் 3-ல். 'ஆரவல்லி' வந்த அதே வருஷம்.

எதை வடிகட்ட வேண்டும் என்று டெல்லி நினைத்ததோ, அதன் அசல் நகல் இந்தப் பாட்டு: அமெரிக்க மெட்டு, மேல்நாட்டுத் தாளம், மேலே தமிழ்ச் சொல். இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஆர்மோனியத்துக்கு 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலியில் தடை இருந்தது. வால்ட்ஸுக்கு உயிர் கொடுக்கிற அக்கார்டியன் அதன் ஒன்றுவிட்ட தம்பிதான். இரண்டிலும் காற்றில் அதிர்கிற உலோக நாக்குதான் சத்தம் போடுகிறது.

அடுத்தது சத்தம் வந்த விதம். சிற்றலை வானத்தில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வரும். ஒரே ஒலிபரப்பு இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும்போது சில நொடி ஒன்றையொன்று கூட்டும், சில நொடி அழிக்கும். அதனால்தான் பாட்டு கிட்டே வந்து தள்ளிப் போகும். "கடல் தாண்டி வருதுல்ல, அதான் அலையடிக்குது" என்று எங்கள் பக்கம் ஒரு விளக்கம் உண்டு. தப்பான விளக்கம்தான், ஆனால் இதைவிட அழகான விளக்கத்தை நான் கேட்டதில்லை. கூடவே, சின்ன ஸ்பீக்கரில் அடிச்சுரம் சரியாக வராது, உச்சஸ்தாயியும் மழுங்கிவிடும். நடுவில் இருக்கிற குரல், வயலின், அக்கார்டியன்தான் தப்பிக்கும். பழைய பாட்டு என்றதும் பலர் காதில் அக்கார்டியன் கேட்பதற்குப் பாதிக் காரணம் இசையமைப்பாளர், பாதிக் காரணம் பெட்டி.

வாசித்தவர்களும் நிஜமான நடனக் குழு மரபோடு உறவுள்ளவர்கள்தான். சென்னையின் கிளப்புகளிலும் பெரிய ஹோட்டல்களிலும் வாசித்த ஆங்கிலோ இந்தியர், கோவாக்காரர் பலருக்கு சினிமா ஸ்டுடியோ இன்னொரு வேலையிடம். எம்.எஸ். விஸ்வநாதனின் குழுவில் நோயல் கிராண்ட் டிரம்ஸ், மங்களமூர்த்தி அக்கார்டியன், ஹென்றி டேனியல் குழுவை நடத்துபவர். இப்படி வாசித்தவர்கள் பலரின் பேர் டைட்டிலில் வராது. நம் ஏக்கத்தில் பாதி இவர்கள் விரல்களுக்குச் சேர வேண்டியது.

ஆனால் மூன்று எண்ணிக்கை இங்கே விருந்தாளி இல்லை என்பதுதான் என் முக்கியமான எண்ணம். கச்சேரி கேட்கிறவருக்கு ரூபகம் தெரியும்: தட்டு, தட்டு, வீச்சு. கல்யாண வீட்டு ஊஞ்சல், லாலி பலவும் திஸ்ர நடைதான். தொட்டில் ஆட்டுகிற கையும் அந்தப் பக்கமே சாயும். 'சின்னப் பெண்ணான போதிலே' கேட்ட நெசவாளிக்கு மெட்டு புதுசு, ஆட்டம் பழசு. கேஸ்கர் 'கலப்படம்' என்று நினைத்த இடத்தில் அவர் தாலாட்டைக் கேட்டிருக்கலாம்.

தறியிலும் மூன்று அசைவு உண்டு: மிதிக்க வேண்டும், நாடாவை விட வேண்டும், பலகையை இழுத்து அடிக்க வேண்டும். இதை வால்ட்ஸோடு முடிச்சுப் போட எனக்கும் கை துறுதுறுத்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால் மூன்றும் சம நேரம் எடுப்பதில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஆகவே அந்த ஆசையை விட்டுவிட்டேன். வேறொன்று உண்மை. கைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் பாட்டு கேட்க முடியும். கை ஓய்கிற அரை நொடியில் குரல் நுழைந்துவிடும். தெருவில் நாலு வீட்டுக்கு ஒரு ரேடியோ இருந்தால் போதும், எல்லாத் தறிக்குழிக்கும் சேர்த்து அது பாடும்.

விசைத்தறி வந்த தெருக்களில் அது முடியாது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதற்கே காதுக்குள் கத்த வேண்டும். டி.வி. வந்து ரேடியோவைக் கொன்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் தெருக்களைப் பற்றி விசாரித்தவரை, டி.வி. வருவதற்கு முன்பே பல வீடுகளில் பகல் நேரத்தில் ரேடியோவை அணைத்துவிட்டார்கள். மின் மோட்டார் ஓடும்போது எதைப் போட்டாலும் கேட்காது.