மல்லிகைக் கவாத்து: கார்த்திகையே ஏற்ற தருணம்

குண்டுமல்லி பயிரிட்டுள்ள சிறு விவசாயிகளில் பலர் கவாத்து செய்யத் தயங்குவதற்குக் காரணம் பூவின் விலைதான். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை ஏறுகிறது. தை பிறந்தால் கல்யாண முகூர்த்தங்கள் வேறு. அந்தச் சமயத்தில் செடியை வெட்டிப் போட எவருக்கு மனம் வரும்? ஆனால் பனியில் செடி தருவது ஒரு கைப்பிடிப் பூ. அதற்கு ஆசைப்பட்டுக் கவாத்தைத் தள்ளிப் போட்டால், பங்குனி முதல் வரவேண்டிய பெரும் பூவரத்தில் நஷ்டம் விழும்.

மல்லிகை முற்றிய குச்சிகளில் பூப்பதில்லை. புதிதாகத் துளிர்த்து வரும் கிளைகளின் நுனியிலும் கணுக்களிலுமே அரும்பு கட்டுகிறது. வெட்டாமல் விட்ட செடி உயர்ந்து புதராகி, இலையை வளர்க்கவே சத்தைச் செலவழிக்கும். உள்ளே வெயில் படாது. பூப் பறிப்பதும் கஷ்டம்.

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், அதாவது கார்த்திகை இரண்டாவது வாரம், ஏற்ற தருணமாகும். மழை விடாமல் பெய்தால் சில நாட்கள் பொறுத்து, வெறித்த பின் வெட்டலாம். ஈரத்தில் வெட்டிய காயம் அழுகிவிடும். அதற்காகத் தை வரை தள்ளக் கூடாது.

கவாத்துக்குச் சில நாட்கள் முன்பே தண்ணீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். தரையிலிருந்து 50 செ.மீ. உயரம், அதாவது ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு, எல்லாக் கிளைகளையும் சமமாக வெட்ட வேண்டும். காய்ந்த குச்சிகளையும் நோய் கண்டவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். அரிவாளால் கொத்துவது சிலரது வழக்கம். அதனால் குச்சி பிளந்து பட்டுப் போகிறது. கூரான கவாத்துக் கத்தரியே நல்லது. நிற்கும் குச்சிகளில் உள்ள இலைகளையும் கையால் உருவிவிட வேண்டும். மொட்டுப்புழுவும் செம்பேனும் மறுபடி பரவாமலிருக்க, வெட்டிய கழிவைத் தோட்டத்தில் போட்டு வைக்காமல் அப்புறப்படுத்துவது அவசியம்.

தடித்த கிளைகளின் வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்துக் கலந்தால் பசை தயார். மண்சட்டியோ பிளாஸ்டிக் வாளியோ பயன்படுத்தலாம். இரும்புப் பாத்திரம் கூடாது. தேய்த்துச் சுத்தம் செய்த கத்தியைச் சற்று நேரம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படிகிறதா என்று பார்க்க வேண்டும். படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

தோட்டம் முழுவதையும் ஒரே நாளில் மொட்டையடித்தால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது என்று கவலைப்படுவோர், நிலத்தை மூன்று பங்காகப் பிரித்து வாரம் ஒரு பங்காக வெட்டலாம். முதல் பங்கில் துளிர் விடும்வரை கடைசிப் பங்கில் கொஞ்சம் பூ கிடைக்கும். கூலியாள் தேடாமல் வீட்டு ஆட்களே வேலையை முடித்துவிடலாம்.

வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சத்துக் கொடுக்காமல் வெட்டப்பட்ட செடி மெலிந்த துளிர்தான் விடும். செடி ஒன்றுக்கு 10 கிலோ மக்கிய தொழு உரத்துடன், யூரியா 65 கிராம், சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மூரியேட் ஆப் பொட்டாஷ் 100 கிராம் இட வேண்டும். தூரிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் தூவி, மண்ணைக் கொத்தி மூடி, உடனே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். இதே அளவு ரசாயன உரத்தை ஜூன், ஜூலையில் மறுமுறை இட வேண்டும். இந்த அளவு வளர்ந்த செடிக்கே பொருந்தும்.

முல்லையும் பிச்சியும் வைத்திருப்போர் இதே வாரத்தில் கத்தரியை எடுத்துவிடக் கூடாது. பிச்சிக்கு டிசம்பர் கடைசி வாரமும், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரமும் ஏற்றவை. இவ்விரண்டையும் தரையிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் வெட்ட வேண்டும்.