மேகமலையின் வெள்ளிக்கோட்டு வண்ணத்துப்பூச்சி

அரபு மொழியில் 'ஃபராஷ்' என்னும் ஒரே சொல், பகலில் மலர் நாடும் வண்ணத்துப்பூச்சியையும் இரவில் விளக்கைச் சுற்றும் விட்டிலையும் குறிக்கும். பேச்சு வழக்கிற்கு இது போதும். ஓர் உயிரினத்தைக் காக்க விழைவோர்க்கோ இது போதாது. இது இன்ன இனம், இன்ன இடத்தில் வாழ்வது என்று பிரித்தறிந்த பின்னரே காத்தல் இயலும். இதற்குத் தேனி மாவட்டமே சான்று தருகிறது.

மேகமலையில் கண்டறியப்பெற்ற சிறு வண்ணத்துப்பூச்சி ஒன்று 2023ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவிக்கப்பெற்றது. 'சிகரைட்டிஸ் மேகமலையென்சிஸ்' என மலையின் பெயரே அதற்கு வழங்கப்பட்டது. தேனியின் 'வனம்' அமைப்பினர்க்கும் இக்கண்டுபிடிப்பில் பங்குண்டு.

இப்பேரினத்துப் பூச்சிகளின் சிறகடியில் வண்ணப்பட்டைகளும் அவற்றினூடே வெள்ளியென மின்னும் கோடுகளும் காணப்படும். பின்சிறகின் முனையிலுள்ள மெல்லிய வால்களும் புள்ளியும் தலையையும் உணர்கொம்புகளையும் போலத் தோன்றும். ஏமாந்த பறவை அங்கே கொத்த, பூச்சி சிறகின் நுனியை மட்டும் இழந்து உயிர் தப்பும். இவை பேரினத்திற்குப் பொதுவான அடையாளங்கள். எனவே இனத்தை உறுதிசெய்யப் பட்டைகளின் அமைவையும் உடலின் நுண்ணுறுப்புகளையும் நெருங்கிய இனங்களோடு ஒப்பிட்டு நோக்க வேண்டியுள்ளது.

இனி, அதன் வாழிடத்தைக் காண்போம். கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் விட்டுச் சின்னமனூர் வழியே மலையேறினால், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களையும் அவற்றையடுத்து மேகம் தவழும் சோலைக்காடுகளையும் அடைகிறோம். வெப்பமான தாழ்நிலம் கடலாகச் சூழ்ந்திருக்க, இக்குளிர்காடு தீவாக நிற்கிறது. இத்தகைய மலையுச்சிகளை அறிஞர் 'வானத்தீவுகள்' என்பர்.

கடல் சூழ்ந்த இலங்கையோடு இதனை ஒப்பிடலாம். அங்குள்ள மழைக்காடுகளில் மட்டும் வாழும் 'இலங்கை ரோஜா' என்னும் வண்ணத்துப்பூச்சிக்கு, மேற்குத்தொடர்ச்சி மலையின் 'மலபார் ரோஜா' நெருங்கிய உறவு. முன்னர் ஒரே இனத்தின் கிளைகளாகவும் கருதப்பட்ட இவை, இன்று தனித்தனி இனங்களாகக் கொள்ளப்படுகின்றன. நீண்டகாலத் தனிமை உயிர்களை வேறுபடுத்துகிறது.

தனிமை புதிய இனத்தை உருவாக்கும். அதுவே அழிவுக்கும் வழியாகலாம். புவி வெப்பமுறுங்கால் குளிர்நாடும் உயிர் மேலே நகர்கிறது. சிகரத்திற்கு மேல் செல்ல இடமில்லை. மேலும் வெள்ளிக்கோட்டுப் பூச்சிகளின் புழுக்கள் எறும்புகளோடு இணைந்து வாழ்பவை. ஆதலின் மரத்தைக் காப்பதுடன், அம்மரத்தில் ஊரும் எறும்பையும் காத்தல் வேண்டும். 2021இல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் புலியின் பெயரால் அமைந்ததாயினும், அதன் நிழலில் இச்சிற்றுயிர்களும் வாழ்கின்றன.

மேகமலைக் காட்டை நாம் இழப்போமாயின், இப்பூச்சியின் பெயரிலுள்ள மலை மட்டுமே எஞ்சும்; பெயர் பெற்ற உயிர் எஞ்சாது.